மஞ்சள் துணி கட்டிய இலவ மரம்

மரத்தின் நெற்றியில் குங்குமம் இருந்தது.

மரத்துக்கு ஏது நெற்றி என்று கேட்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் அடிமரத்தில், ஆள் உயரத்தில், என் கையாலேயே ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தேன். அந்தத் துணிக்கு நேர் மேலே யாரோ உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் பெரிய பொட்டாக வைத்திருந்தார்கள். அதை நெற்றி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தை முடிந்து மாசி பிறந்திருந்த சமயம். லால்பாக் பூங்காவில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. இலை ஒன்றுகூட இல்லாமல், கிளை கிளையாகச் சிவப்புப் பூவோடு அந்த இலவ மரம் மட்டும் பனிக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி மரத்தடியில் வட்டமாக அடுக்கியிருந்தார்கள். வட்டத்துக்கு நடுவே ஒரு வெற்றிலை. வெற்றிலை மேல் கற்பூரம். பக்கத்தில் குந்தியிருந்த முனியம்மா கையில் தீப்பெட்டி.

சுற்றிலும் ஸ்ரீராம்புரத்துப் பெண்கள், ஆண்கள், இடுப்பில் குழந்தைகள். எல்லோரும் என்னுடைய கூட்டம்தான். நான் வரச் சொன்னவர்கள்தான். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள்.

என் தோளுக்குப் பின்னால் மிஸ் ரொசாரியோவின் குரல் மெதுவாகக் கேட்டது.

“கல்யாணி, இது நம்ம நேச்சர் வாக்கா, இல்லே திருவிழாவா?”

எந்தக் கட்சி?

போன வாரம் இந்தப் பத்தியில், எங்கள் குழுத் தொண்டர் சேஷாத்ரி குளத்துச் சேற்றில் விழுந்த கதையை எழுதியதற்கு அவர் கோபித்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். விழவில்லையாம், உட்கார்ந்தாராம். இந்த வாரம் அவரை ஓரமாகவே நிறுத்திவைக்கிறேன். ஆனால் மிஸ் ரொசாரியோவைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கண்டோன்மென்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். தலையில் எப்போதும் ஒரு வைக்கோல் தொப்பி, கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கேட்டு வருகிறவர்களையெல்லாம் லால்பாகுக்குள் நடத்திச் சென்று மரம், செடி, பறவை காட்டுவார். காசு கிடையாது, சந்தா கிடையாது. எங்களைப் போல நாலைந்து தொண்டர்கள் கூடமாட உதவி செய்வோம். சித்திரையில் ஒரு நடை, மழைக்குப் பின் ஒரு நடை, இலை உதிரும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று என்று பருவத்துக்குப் பருவம் விசேஷ நடைகளும் உண்டு.

நான் தொண்டராகச் சேர்ந்தேன் என்று வீட்டில் சொன்ன அன்று அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “எந்தக் கட்சி?” என்றார்.

“கட்சி இல்லப்பா. மரம்.”

“மரத்துக்கு என்னத்துக்குத் தொண்டர்? அது நகரவா போகுது?”

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு முழுக்க இந்த வசனம் பரவிவிட்டது. கொஞ்ச காலத்துக்கு என்னைக் கண்டாலே, “மரம் எப்படி இருக்கு, நகர்ந்துச்சா?” என்று விசாரிப்பார்கள்.

நான் அப்போது பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். லத்தீன் பெயர்களை இரயில் வேகத்தில் ஒப்பிப்பேன். ஆனால் குழுவில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, காபி ஃபிளாஸ்கைத் தூக்கி வருவது. இது எத்தனை நாளைக்கு நடக்கும்? ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“மிஸ், எல்லா நடையும் இங்கிலீஷ்லயே இருக்கே. தமிழ்ல ஒண்ணு நடத்தட்டுமா? நானே நடத்தறேன்.”

“யார் வருவாங்க?”

“வருவாங்க மிஸ். ஊர்ல பாதிப் பேர் தமிழ் பேசறவங்க.”

“வருவாங்க. புளியோதரை தின்பாங்க. தூங்குவாங்க. போவாங்க.” அவருடைய தமிழ் சமையல்காரர்களிடமும் குதிரைவண்டிக்காரர்களிடமும் கற்றது, சுற்றி வளைக்காது. “ஓகே. மூணு சான்ஸ். மூணாவதும் சரியில்லேன்னா, நீ மறுபடி ஃபிளாஸ்க்.”

முதல் நடைக்கு என் அம்மா வந்தாள். அம்மா மிரட்டியதால் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பாதி வழியில் வெயில் என்று திரும்பிவிட்டார்கள். இரண்டாவது நடை அன்று மழை கொட்டியது. கண்ணாடி மாளிகைக்குள் நானும் சேஷாத்ரியும் ஒரு நாயும் நின்று மழையைப் பார்த்தோம். சேஷாத்ரி மல்லேஸ்வரத்துக்காரர், தாத்தா காலத்திலிருந்தே சமஸ்தான உத்தியோகக் குடும்பம். அவர் நாயைக் காட்டி, “இதுவும் தமிழ் கேக்கத்தான் வந்திருக்கு, ஏதாவது சொல்லுங்கோ” என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நடை.

திட்டுவதற்காக ஒரு வருகை

தமிழ் பேசும் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்குப் போகலாம் என்று தோன்றியது எனக்குத்தான். இன்றைக்கும் அந்த யோசனைக்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன். சாயங்கால வேளை, தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்ற இடத்தில் நானும் போய் நின்றேன்.

முனியம்மா பஞ்சாலையில் நூல் சுற்றுகிறவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்பவரிடம் இரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“மரம் பாக்கறதுக்கா? இன்னா கண்ணு, எங்க தெருவுலயே ரெண்டு கீதே.”

“இது பூத்திருக்கற மரம்க்கா.”

“பூத்தா?”

“பார்க்கலாம்.”

“பாத்தா?”

எந்தப் பரீட்சையிலும் நான் இப்படித் திணறியதில்லை. “வந்து பாருங்க. பிடிக்கலேன்னா என்னைத் திட்டுங்க” என்றேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முனியம்மா சிரித்தார். “அது சரி. திட்டறதுக்காகவே வர்றேன். இவளுங்களையும் கூட்டிக்கினு வர்றேன். எல்லாருமா சேந்து திட்டறோம்.”

ரசத்துக்கு இல்லாமல் போன மஞ்சள்

இங்கே எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடைக்கு முந்தின நாள் சாயங்காலம், எந்தெந்த மரத்தடியில் நின்று பேசப்போகிறோமோ அந்த மரங்களில் அடையாளமாக ஒரு வெள்ளை நாடா கட்டிவைப்போம். ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது, எக்காரணம் கொண்டும் நெருப்பு கூடாது என்பது பூங்கா அலுவலகத்தார் அனுமதி தரும்போதே போட்ட நிபந்தனை. நாடா கட்டலாம், நடை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

வெள்ளை நாடாவில் ஒரு கஷ்டம். பனிக்காலத்தில் கண்ணுக்கே தெரியாது. மார்கழி நடையில் இரண்டு மரங்களைத் தவறவிட்டு, தோட்டத்துச் சாமான்கள் வைக்கிற கொட்டகை வரை போய்விட்டுத் திரும்பினோம். என்னுடைய கடைசி நடையில் அப்படி ஆகிவிடக் கூடாதே!

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்தேன். சமையலறையில் இருந்த மஞ்சள்பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டித் துணிகளை முக்கி எடுத்தேன். எத்தனை பனியிலும் பளிச்சென்று தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “ரசத்துக்கு மஞ்சள் இல்லாம பண்ணிட்டியேடி! இன்னிக்கு வெள்ளை ரசம்தான். குடி” என்றாள். கொடியில் வரிசையாகக் காய்ந்த மஞ்சள் துணிகளைப் பார்த்து அவளே, “என்னடி இது, எந்தக் கோயிலுக்கு?” என்றும் கேட்டாள்.

அம்மா கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தாவரவியல் படித்த மூளை மஞ்சள் என்றால் நிறம் என்றுதான் நினைத்தது.

விருந்தாளிகள்

இனி மரத்தடிக்கு வருகிறேன். முனியம்மா தீக்குச்சியை எடுத்துவிட்டார்.

“அக்கா! நெருப்பு வேணாம்!”

“இன்னா கண்ணு, இவ்ளோ லேட்டு? நாங்க விடியறப்பவே வந்துட்டோம். நீ கட்டி வெச்ச மரம் ஒண்ணு வுடாம கும்பிட்டுக்கினே வர்றோம். இதான் பெரிய அம்மா. செவப்பா பூ வேற கொட்டிக்கீது. சூடம் காட்டிட்டுக் கெளம்பலாம்.”

“எல்லா மரத்தையுமா கும்பிட்டீங்க?”

“பின்ன? மஞ்சத் துணிய கட்டி வெச்சுட்டு, பாத்துட்டு சும்மா போவச் சொல்றியா?”

திரும்பிப் பார்த்தேன். வந்த வழியில் அரசு, மகிழம், நாகலிங்கம் எல்லாவற்றிலும் பொட்டு. என் துணிக்குப் பக்கத்தில் புடவைக் கரையிலிருந்து கிழித்த சிவப்பு, பச்சைத் துணிகள் வேறு முடிச்சுப் போட்டுத் தொங்கின. வந்த அவசரத்தில் அதையெல்லாம் கவனிக்காமலே நடந்து வந்திருக்கிறேன்.

சேஷாத்ரி என் காதோரம், “ஒரு உண்டியல் மட்டும்தான் பாக்கி” என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. தரை முழுக்கக் காய்ந்த சருகு. ஒரு பொறி விழுந்தால் போதும். தமிழ் நடை மட்டுமல்ல, குழுவின் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அன்றோடு முடிந்துவிடும். கூடாது என்று அதட்டினால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள், இனி ஜன்மத்துக்கும் வர மாட்டார்கள். என்ன சொல்வது?

மேலே கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். அப்போதுதான் நிமிர்ந்தேன். சோளப்பட்சிகள். கறுப்புத் தலையும் ரோஸ் நிற உடம்புமாக ஒரு பெரும் கூட்டம், பூ ஒன்றுக்கு ஒன்றாக உட்கார்ந்து தலையை உள்ளே விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் மரத்தின் காலடியில் இருந்ததால் ஒருவரும் மேலே பார்த்திருக்கவில்லை.

“அக்கா, குச்சியக் கொஞ்சம் கீழ வைங்க. மேல பாருங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”

“யாரு?”

“விருந்தாளிங்க. இமயமலைக்கும் அந்தப் பக்கத்துலேர்ந்து, காபூல் எல்லாம் தாண்டி வந்தவங்க. புகை போட்டா பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவாங்க.”

முனியம்மா அண்ணாந்தார். வாய் திறந்தபடி நின்றது. “அய்ய! இத்தினி கீதா!”

தீப்பெட்டி இடுப்புச் செருகலுக்குள் போய்விட்டது. “துன்ற எடத்துல யாராச்சும் புகை போடுவாங்களா? துன்னு முடிக்கட்டும்டி. யாரும் சூடம் ஏத்தாதீங்க” என்று தாமே எல்லோருக்கும் உத்தரவு போட்டார்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மிஸ் ரொசாரியோ தம் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழற்றினார். சேஷாத்ரி எத்தனையோ தடவை கெஞ்சியும் தொடக்கூட விடாத கண்ணாடி அது. கொண்டுபோய் முனியம்மாவின் கழுத்தில் மாட்டினார்.

முனியம்மா அதை முன்பின்னாக மாற்றி வைத்துப் பார்த்து, “எல்லாம் தூரமாப் போயிட்சே!” என்றார். சரியான பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு கிளை கிளையாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். 

“அடியே!” என்று ஒரு கத்தல். “குருவிக்கும் நெத்தியில இட்டு வுட்டுக்கீறாங்கடி!”

உண்மைதான். பூவுக்குள்ளிருந்து தலையை எடுத்த பறவைகளின் நெற்றியில் மகரந்தப்பொடி அப்பியிருந்தது.

அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்குமா? ஆரம்பித்தேன். தேனுக்காகப் பறவை தலையை நுழைக்கிறது, நெற்றியில் பொடி ஒட்டுகிறது, அந்தப் பொடியோடு அடுத்த மரத்துக்குப் போகிறது, அங்கே பூவில் பொடி உதிர்ந்தால்தான் அது காயாகும், காய் வெடித்தால் பஞ்சு. ஒரு லத்தீன் பெயர்கூடச் சொல்லவில்லை.

“பஞ்சா? தலகாணியில அடைக்கறதே, அதுவா?” என்றார் ஒருவர்.

“அதே மாதிரி பஞ்சுதான்.”

“அப்ப இதுவும் நம்மள மாதிரி பஞ்சு வேலதான் பண்ணுது” என்றார் முனியம்மா, கண்ணாடியை எடுக்காமலே. “கூலி?”

“தேன்தான்.”

“எங்க மேஸ்திரிகிட்ட சொல்லிடாத தாயே. நாளைக்கு எங்களுக்கும் தேனு ஊத்தி அனுப்பிடுவான்.”

அந்தச் சிரிப்பில்கூடப் பறவைகள் கலையவில்லை. தேன் அப்படி.

எதற்காகக் கட்டினாய்?

விசில் சத்தம் கேட்டது. காவலாளி கெம்பய்யா குடுகுடுவென்று வந்தார்.

“ஏனம்மா இது? மரக்கெ குங்குமானா? நாளெ சாஹேப்ரு ரௌண்ட்ஸ் பர்த்தாரெ!”

மறுநாள் பெரிய அதிகாரி சுற்றிப்பார்க்க வருகிறார் என்றால் சும்மாவா? பொட்டையும் துணியையும் பார்த்தால் முதலில் கெம்பய்யாவைக் கேட்பார். கெம்பய்யா எங்களைக் காட்டுவார். அதோடு அனுமதி போயிற்று. குங்குமத்தைக் கழுவிவிடலாம். பூஜைக்குக் கொண்டுவந்த செம்பில் தண்ணீர் இருந்தது; அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. துணிகளை அவிழ்க்கக் கை வைத்தபோதுதான் வந்தது வினை.

“தொடாத!” என்றார் முனியம்மா. “வேண்டிக்கினு கட்டினத நடுவுல அவுக்கக் கூடாது. கேட்டது நடந்தாத்தான் அவுக்கணும். அதுவும் கட்டினவங்க கையாலதான்.”

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. கெம்பய்யா கன்னடக்காரர் என்றாலும் அவரும் தலையாட்டினார். “அது நிஜா அம்மா” என்றுவிட்டு, “ஆதரெ சாஹேப்ரு...” என்று, ஆனால் அதிகாரி வருவாரே என்கிற கவலையில் தலையைச் சொறிந்தார். மிஸ் ரொசாரியோ என்னையே பார்த்தார். உதவிக்கு வரவில்லை. இது என்னுடைய நடை.

“நான் கட்டினது வேண்டுதல் இல்லக்கா. அடையாளத்துக்கு...” என்று இழுத்தேன்.

“எதுக்கோ கட்டினே இல்ல? மனசுல ஒண்ணும் நெனைக்காமலா கட்டினே?”

நேற்றுச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சுப் போடும்போதும் ஒரே நினைப்பாகத்தான் இருந்தேன். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

“நீங்க எல்லாரும் வரணும்னு நெனச்சுத்தான் கட்டினேன்.”

 முனியம்மா இரண்டு கையையும் விரித்தார். “அதான் வந்துட்டோமே! அப்புறம் இன்னா, அவுத்துடு!”

அவிழ்த்தேன். இலவ மரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன்.

என்னுடையது சரி. மற்றவர்களுடையது? முனியம்மாவே தம் ஆட்கள் பக்கம் திரும்பினார். “கஸ்தூரி, உன்னுது இன்னாடி?”

கஸ்தூரி சின்னப் பெண், புதிதாகக் கல்யாணமானவள். “வூட்டுக்காருக்கு வேல பர்மனென்ட் ஆவணும்னு” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஆச்சுன்னா, இத அவுக்கறதுக்கு இவ்ளோ தூரம் பஸ் ஏறி வருவியா? நம்ம கோயில் வேம்பு வூட்டுக்கு எதுத்தாப்புல கீது. அங்க கட்டிக்கினா காலைல பல்லு தேச்சுக்கினே அவுத்துடலாம். இடம் மாத்திக் கட்டினா அம்மா கோச்சுக்க மாட்டா.”

“வருவேனே” என்றாள் கஸ்தூரி. “அது ஒரு சாக்கு. இல்லாட்டி எங்க மாமியா என்னை எங்க வெளியில வுடுது?”

“அதுக்கு வேண்டுதல் எதுக்குடி? மரம் பாக்கப் போறோம்னு சொல்லு. நான் வந்து கேக்கறேன் உங்க மாமியாள.”

கஸ்தூரி சிரித்துக்கொண்டே முடிச்சில் கை வைத்தாள். அவள் அவிழ்க்க, ஒவ்வொருவராகக் கலைந்து தங்கள் தங்கள் மரத்தைத் தேடிப் போனார்கள். எந்த மரத்தில் கட்டினோம் என்று தெரியாமல் சிலர் என்னிடம் வந்தார்கள். “வழவழன்னு இருந்துச்சே, அது எங்கம்மா?” “காய் குண்டு மாதிரி தொங்குச்சே, அது?” நான் அவர்களோடு ஓடி ஓடிக் காட்டினேன். காட்டும்போதே அந்த மரத்தின் கதையையும் சொன்னேன். நான் போட்டு வைத்திருந்த வரிசைப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு மரமும் விட்டுப்போகவில்லை. கெம்பய்யா செம்பை வாங்கிக் கடைசிப் பொட்டைக் கழுவிவிட்டு, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு புளியோதரை சாப்பிட்டார்கள். மிஸ் ரொசாரியோ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இதைச் சேஷாத்ரியும் பார்த்தார், சாட்சி உண்டு.

வாசலில் எல்லோரையும் அனுப்பிவிட்டு நான் மிஸ் ரொசாரியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தொப்பியைச் சரி செய்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் துடைத்தார். என் பொறுமையைச் சோதிக்கவே அப்படிச் செய்திருப்பார்.

“கல்யாணி, நெக்ஸ்ட் டைம் வெள்ளை டேப் போதும்.”

நெக்ஸ்ட் டைம்! நான் ஆஸ்டின் டவுன் வரை பஸ் ஏறாமல் நடந்தே போனேன்.

அடுத்த நடை

அடுத்த நடைக்கு நான் போய்ச் சேரும்போதே நேரமாகிவிட்டது. பஸ் வழியில் நின்றுவிட்டது. லால்பாக் வாசலில் ஒருவரையும் காணோம்.  ஒருவரும் வரவில்லையா? ஓட்டமும் நடையுமாக உள்ளே போனேன்.

பாதி தூரத்திலேயே அந்தக் குரல் கேட்டுவிட்டது.

இலவ மரத்தடியில் போன தடவையைவிடப் பெரிய கூட்டம். பாதிப் பேர் எனக்கு முகம் தெரியாதவர்கள். கஸ்தூரி முன்னால் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் சிடுசிடுவென்று நின்றார். மாமியாராகத்தான் இருக்க வேண்டும். பூவெல்லாம் போய், கிளைகளில் காய் பிடித்திருந்தது. மரத்துக்கு முன்னால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையை மேலே நீட்டி முனியம்மா பேசிக்கொண்டிருந்தார்.

“போன மாசம் வந்திருந்தா பாத்திருப்பீங்க. கிளை தெரியாம குருவி! லண்டன்லேர்ந்து வருது. நம்மூர் பஞ்சு வேலைக்குன்னே வருது. நெத்தியில பொடி இட்டுக்கினு மரத்துக்கு மரம் போவும். அது போவலேன்னா இந்தக் காயே கிடையாது, பாத்துக்க.”

காய் சரி, பொடி சரி. ஆனால் லண்டனா? என்னால் தாங்க முடியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, “லண்டன் இல்லக்கா...” என்று ஆரம்பித்தேன்.

எனக்கு முன்னால் நின்றிருந்த முண்டாசுக்காரர் ஒருவர் திரும்பி முறைத்தார்.

“ஏம்மா, சும்மா இரேன். அந்தம்மா எவ்ளோ நல்லா சொல்லிக்கினு கீறாங்க. புச்சா வந்தவங்கள்லாம் கேக்க வேணாமா?”

சேஷாத்ரி எங்கிருந்தோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. மிஸ் ரொசாரியோ என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பின்னால் வரும்படி சைகை செய்தார். நான் போய்க் கடைசி வரிசையில் நின்று, குதிகாலை உயர்த்தி, முனியம்மா என்ன சொல்கிறார் என்று கேட்க ஆரம்பித்தேன்.